நானே பார்த்து எடுத்த லேபல்

மிளகை விரலால் உருட்டிப் பார்த்தே முற்றியதா பிஞ்சா என்று சொல்லிவிடுவேன். சாதிக்காயைக் காதருகே ஆட்டினால் போதும், காய்ந்துவிட்டதா என்று தெரியும். எங்கள் ஊர் பலாபத்வலையில் எங்கள் வீட்டு மசாலாத் தூளுக்குப் பெயர் வந்தது அப்படித்தான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தமிழைக் கூட்டிக் கூட்டி வாசிப்பேன், இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாது. அதை வெளியே யாருக்கும் காட்டிக்கொண்டதில்லை.

மருமகள் வந்த பிறகு பாக்கெட்டில் பெயரும் திகதியும் அச்சடித்து ஒட்ட ஆரம்பித்தோம். அதற்கென்று பழைய பிரிண்டர் ஒன்றை அவள் வாங்கியிருந்தாள். யட்டவத்தவில் ஒரு கடை முதன்முதலாக எங்களிடம் நூறு பாக்கெட் கேட்டிருந்த நேரம், லேபல் தீர்ந்துவிட்டது. நான் மாத்தளைக் கோவிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அங்கே கொப்பிக் கடையில் எந்த லேபல் வாங்க வேண்டும் என்று அவள் ஒரு தாள் துண்டில் இங்கிலீஷில் எழுதித் தந்தாள்.

"மாமி, இத அப்படியே கடைக்கார நானாகிட்ட குடுங்க. அவரே எடுத்துத் தருவாரு."

கடையில் தெரிந்த பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் துண்டை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. லேபல் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நானா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த முஸ்லிம் கடைக்காரர் இரண்டு கட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"வீட்டுல என்ன மெசின் அம்மா? மை தெளிக்கிறதா, சூட்டுல அடிக்கிறதா? ரெண்டுக்கும் லேபல் வேற."

பிரிண்டரில் இரண்டு சாதி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு கட்டையும் விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்று சொரசொரவென்று இருந்தது. மற்றது வழவழவென்று பளபளத்தது. நல்ல சாமான் இதுதான் என்று எடுத்தேன்.

"அது மை மெசினுக்குள்ளது. எதுக்கும் வீட்டுக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்துக் கேட்டுப் பாருங்களேன்."

"இத்தன வருசமா தூள் விக்கிறவளுக்கு லேபல் தெரியாதா நானா? சுத்திக் குடுங்க."

எங்கள் வீட்டில் இருந்தது சூட்டில் அடிக்கிற மெசின். இரண்டாவது தாளிலேயே அந்தப் பளபளப்பு உருகி உள்ளே உருளையில் ஒட்டிக்கொண்டது. வீடெல்லாம் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். மருமகள் மெசினைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"துண்டக் காட்டினீங்களா மாமி?"

"காட்டாம? அவருதான் இதக் குடுத்தாரு."

மறுநாள் அவள் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"எழுதி அனுப்பியும் மாத்திக் குடுத்திருக்கீங்களே. வயசானவங்க வந்தா எதையும் தள்ளிவிடலாம்னு நெனச்சீங்களா?"

நானா என்னைப் பார்த்தார். நான் அலுமாரியில் அடுக்கியிருந்த பள்ளிக்கூடக் கொப்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கூட்டத்துல மாறிப் போயிருக்கும் தங்கச்சி. பிழை என்னோடதுதான்" என்றார். சூடு தாங்குகிற கட்டு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

மெசின் திருத்தி வருவதற்குள் யட்டவத்தக் கடை வேறு இடத்தில் வாங்கிக்கொண்டது. அதைக்கூட நான் மறந்திருப்பேன். மருமகள் மறக்கவில்லை. சந்தையிலும் பஸ்ஸிலும் யாரைக் கண்டாலும் அந்தக் கடைக்குப் போகாதீர்கள், ஏமாற்றிவிடுவார்கள் என்று சொன்னாள். என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்ட மனிதரைப் பற்றித்தான் அப்படிச் சொன்னாள். நான் பக்கத்திலேயே வெற்றிலையை மென்றுகொண்டு நின்றேன். இரண்டு வருடம் அப்படியே போனது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, தானும் ஊறுகாய்ப் போத்தலுக்கு லேபல் அடிக்கப் போவதாகச் சொன்னாள். மருமகள் பழைய கதையை எடுத்தாள். கேட்டுவிட்டு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"மெய்தானா அக்கா? அந்த நானா நல்ல மனுசன்னுதான் நான் கேள்விப்பட்டேன்."

மருமகளும் என் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு இனிக் கிடைக்காது.

"இவ சொல்றது சரிதான்" என்றேன்.

"அப்ப நான் கண்டியிலயே வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் பந்திக்கு எழுந்து போனாள்.