கபீல் போட்ட கடிதம்

ஊரே சவூதிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த எண்பதுகளில், அக்கரைப்பற்று பஸ் நிலையத்தில் ஒரு மேசன் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். முழங்கை வரை சீமெந்து. சட்டைப் பையைத் தொடுமுன் மட்டும் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. வேலைக்கு எடுத்து விசா அனுப்பும்படி அங்குள்ள ஒரு கபீலுக்கு எழுதியிருந்தாராம். அந்த முதலாளியின் பதில் அரபியில் வந்திருந்தது.

மேல்கீழ் உயிர்க்குறியில்லாத அந்த எழுத்தைப் பள்ளிவாசல் லெப்பை எப்படியோ ராகம் போட்டு ஓதிவிட்டார். அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது. அரபியில் வந்தது கெட்ட செய்தியாக இருக்குமா என்று அவருடைய ஊரான பாலமுனையில் வீடு வீடாக இனிப்பு வட்டிலப்பமும் கொடுத்தாயிற்று.

என் ஜுப்பாவைப் பார்த்து, "மௌலவி, ஒருக்காப் பாருங்களன்" என்றார்.

பார்த்தேன். "இப்ப ஆள் தேவையில்லையாம்."

கடிதத்தை வாங்கிப் பத்திரமாக மடித்தார். "இல்லையெண்டு சொல்றதுக்கா இவ்வளவு வடிவா எழுதினான்? உம்மாட்ட சொல்லிராதீங்க மௌலவி. வெள்ளிக்கிழமை வீட்ட வந்து நீங்களும் ஒருக்கா ஓதிக்காட்டுங்க. உங்கட குரலுக்கு நல்லாரிக்கும்."

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று இன்றும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் அவருடைய உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிரே அமர்ந்தார். ஆள் தேவையில்லை என்பதை நீட்டி முழக்கி ஓதி முடித்தேன்.

"ஆமீன்" என்றார் உம்மா.