கோயில் வந்தால் இருமும் வண்டி

நாகராசு அண்ணனின் பிக்கப்பைப் போல மெக்கானிக்கான என்னைக் கிறுக்கனாக்கிய வண்டி வேறில்லை. கீரனூருக்குக் காய்கறி ஏற்றுகிறவர். எஞ்சின் அவ்வப்போது விட்டுவிட்டு இருமுகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது என்பார். நான் ஆவூர் வரை ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. பிளக்கை மாற்றினேன், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். மறுபடியும் வந்து நின்றார்.

"எங்கதாண்ணே அடிக்குது?" என்று கத்தினேன்.

"கோயில் வந்தா அடிக்குது தம்பி."

அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அய்யனார் கோயில் வந்தது. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சாமி படத்தை அழுத்தித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எஞ்சின் இருமியது. பிள்ளையார் கோயிலிலும் அதே கதைதான். நானோ மாதா கோயிலுக்குப் போகிறவன். நெஞ்சில் சிலுவை போடுவேனே தவிர, அந்தப் படத்தைத் தொட்டதே இல்லை.

டேஷ்போர்டைக் கழற்றினால், படத்துக்கு நேர் பின்னால் இக்னிஷன் வயர் லூசாகக் கிடந்தது; படத்தை அழுத்தும்போதெல்லாம் அது விட்டுப்போயிருக்கிறது. இறுக்கினேன். திரும்பும் வழியில் அய்யனார் கோயிலில் மறுபடி அழுத்தித் தொட்டார். எஞ்சின் சீராக ஓடியது.

"சரியாப் போச்சுண்ணே!" என்றேன்.

அவர் முகம் தெளியவில்லை.

"சாமி கோவத்துலதான் உறுமுதுன்னு நெனச்சேன் தம்பி. இப்ப சத்தத்தையே காணோம். கோவம் போயிருச்சா, இல்ல சாமியே போயிருச்சா?"