பதினான்கு பில்கள்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் சிவசக்திக்குக் 'கூப்பன் அக்கா' என்று பெயர் வைத்தவள் அடுத்த காம்பரா வீட்டுப் பெரியாயி. கேலிக்குத்தான் வைத்தாள். சிவசக்தியோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

பகலெல்லாம் கொழுந்து பறிக்கிறவள் சாயங்காலத்தில் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கடைக்கார அஸீஸ் நானா கருவாடு சுற்றிக் கொடுத்த பேப்பரைக்கூடக் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் பொடி எழுத்தைப் படிப்பதில் அவளை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது.

அப்படி அகப்பட்டதுதான் பால்மாக் கூப்பன். பண்டாரவளையில் புதிதாகத் திறந்த சுப்பர் மார்க்கெட்டில் ஒரு பக்கெட்டுக்கு விலையில் முந்நூற்றைம்பது ரூபாய் கழிவு. அஸீஸ் நானாவின் பழைய பேப்பர்க் கட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பதினான்கு கூப்பன்களை வெட்டி எடுத்தாள். அவள் இருந்த லயத்து வரிசையில் பதினான்கு வீடு. வீட்டுக்கு ஒன்று.

"இந்தத் தாளுக்கு எவன்டி பால்மா தருவான்?" என்றாள் பெரியாயி. சொல்லிக்கொண்டே காசையும் கொடுத்தாள். டவுனுக்கு ஒருத்தர் போனால் லயம் முழுவதற்கும் அவரே சாமான் வாங்கி வருவது அங்கே வழக்கம். கழிவு போக மிச்ச விலையைத்தான் எல்லோரும் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சிவசக்தி தனியாகப் பஸ் ஏறினாள்.

பதினான்கு பக்கெட்டையும் பதினான்கு கூப்பனையும் மேசையில் வைத்ததும், பில் போடும் பெண் அஸ்னா தயங்கினாள். "அக்கா, ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன்தான். எல்லாத்தையும் ஒன்டா போட ஏலாது."

சிவசக்தி மேசையிலிருந்த கூப்பனைக் குனிந்து பார்த்தாள். அந்த வரியை அவள் படிக்காமல் இல்லை. வீட்டுக்கு ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்த மனசில் பில் என்பது உறைக்கவில்லை. முழு விலைக்கு வாங்கினால் ஒன்பது வீட்டுக்குத்தான் காசு காணும். எந்த ஐந்து வீட்டுக்கு இல்லை என்பது? பெரியாயி முகத்தில் எப்படி விழிப்பது?

கூப்பனை எடுத்து மறுபடி படித்தாள். "ஒரு பில்லுக்கு ஒன்னுன்னுதாங்க இருக்கு. ஒரு ஆளுக்கு ஒன்னுன்னு போடலையே? பதினாலு பில்லாப் போடுங்க."

மெனேஜர் வந்து வாசித்துப் பார்த்தார். மறுக்க வழியில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. "அப்போ ஒவ்வொரு பில்லுக்கும் வரிசையில கடைசிக்குப் போய் நிக்கணும்" என்றார்.

யாரிடம் சொல்கிறார் மனுஷர்! கொழுந்துச் சாக்கோடு நிறுவைக்கு நின்று பழகிய கால்கள் அவை. சிவசக்தி நின்றாள். ஐந்தாவது தடவை வரை மெனேஜர் சிரித்துக்கொண்டிருந்தார். பத்தாவது தடவை ஆளையே காணோம். முன்னால் நின்ற அம்மா ஒருவர் இரக்கப்பட்டு முன்னுக்குப் போகச் சொன்னார். "வேணாங்கம்மா, வரிசைன்னா வரிசைதான்" என்று நிமிர்ந்து நின்றாள்.

கடைசிப் பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தாள். யாருடைய பில் எது என்று பெயர் எழுதத்தான் அவற்றை வெளியே எடுத்தாள். பழக்கதோஷம், அடியிலிருந்த பொடி எழுத்துக்கும் கண் போனது. இந்தப் பில்லைக் கொண்டு வந்தால் அடுத்த மாதம் தேங்காயெண்ணெயில் கழிவு, ஒரு பில்லுக்கு ஒரு போத்தல். எல்லாவற்றையும் ஒரே பில்லில் போட்டிருந்தால் ஒரு போத்தலோடு போயிருக்கும். இப்போது பதினான்கு! "மெனேஜர் ஐயா நல்லா இருக்கணும்" என்று அவள் வாய்விட்டுச் சிரித்ததில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

பால்மாவோடு பில்லையும் வீடு வீடாகக் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். "அடுத்த மாசம் நீங்களே வாங்க. நான் ஒருத்தியா இனி நிக்க மாட்டேன்."

அடுத்த மாத ஞாயிற்றுக்கிழமை பதினான்கு வீட்டுப் பெண்களும் அந்தக் கடைக்குள் வரிசையாக நின்றார்கள். என்ன கூட்டம் என்று மெனேஜர் ஓடி வந்தார். கடைசி ஆளாக நின்ற சிவசக்தி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், முதல் ஆளாக நின்ற பெரியாயி தன் பில்லை உயர்த்திக் காட்டினாள்.

"ஒரு பில்லுக்கு ஒன்னுதாங்க. எங்க கூப்பன் அக்கா படிச்சுச் சொல்லித்தான் கூட்டியாந்திருக்கு."