மாக்ரெட்டின் வலது காது

"ரயில் வருது, நிறுத்துங்க!"

மாக்ரெட் குரல் கொடுத்ததும் மூன்று கண்ணாடிக் கூண்டுகளிலும் பேச்சு நின்றுவிடுகிறது. லண்டனில் இருக்கும் மகனுக்குத் தன் முழங்கால் நோவை விவரித்துக்கொண்டிருந்த பெரியவரும், சூரிச்சில் இருக்கும் தமையனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த பெண்ணும் ரிசீவரைப் பிடித்தபடி சும்மா நிற்கிறார்கள். வேறு யாருக்கும் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் கூண்டுகளின் கண்ணாடி நடுங்கத் தொடங்குகிறது. கடலோரத் தண்டவாளத்தில் பெட்டிகள் கடகடத்துப் போய் மறைகின்றன. "செரி, இப்ப பேசுங்க" என்கிறார் மாக்ரெட். சண்டை விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறது.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஹுசைன் முதலாளியின் கொமியூனிகேஷன் என்கிற தொலைபேசிக் கடை இருக்கிறது. சுற்றிலும் லொட்ஜுகள். வடக்கிலிருந்து வந்து, விசாவுக்கும் ஸ்பொன்சருக்கும் காத்துக்கிடக்கும் குடும்பங்களுக்கு வெளிநாட்டுக் கோல் வருவது இங்கேதான். இன்ன கிழமை, இன்ன நேரம் என்று பேசிவைத்து, நேரத்தோடு வந்து வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். மணி அடித்தால் மாக்ரெட் எடுத்துப் பெயரைக் கூப்பிட்டு, கூண்டைக் காட்டுவார். இடது காது தொலைபேசிக்கு. வலது காது கடைக்கு. "பேசுறத நான் கேக்குறதில்ல" என்று மாதாவின் மேல் சத்தியம் செய்வார். "புள்ள அழுவுறத மட்டுந்தான் கேப்பேன். அது தானா வந்து காதுல வுழுந்தா நான் என்னா செய்ய?"

அவருக்கு ஐம்பது கடந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறார். மெலிந்து உயர்ந்த உருவம். இடது தோளில் மடித்துப் போட்ட வெள்ளைத் துவாய். நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். துவாயும் நகமும் பழைய வேலையிலிருந்து கூடவே வந்தவை. கடைக்கு வருமுன் ஒரு தனியார் பிரசவ விடுதியில் அட்டென்டனாக இருந்தார். தரை கழுவினார், துணி மாற்றினார், பிள்ளைக்குப் பால் கொடுக்க வராமல் அழும் தாய்மாருக்குப் பக்கத்தில் நின்றார். நேர்ஸ்மார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் தானும் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டார். கரண்ட் போன நேரங்களில், கட்டில்களுக்கு நடுவே நடந்து போகும்போதே எந்தப் பிள்ளை பாலை விழுங்குகிறது, எது வெறுமனே சப்புகிறது என்று சத்தத்தைக் கொண்டு சொல்லிவிடுவார். விடுதி மூடப்பட்டதும் வேலை போயிற்று. காது போகவில்லை.

கைக்குழந்தைகள் எல்லாம் அவருக்குத் "தொரை". அவருடைய தகப்பனார் தேயிலைத் தோட்டத்திலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை தூக்க இறங்கி வந்தவர். தோட்டத்துத் துரை பங்களாவில் நடந்துகொள்ளும் விதத்தை வீட்டில் நடித்துக் காட்டுவாராம். "பாரு, அதே ஆளுதான். கத்துறது, திங்கிறது, ஏப்பம் வுடுறது, தூங்குறது. ஒரு வேல செய்யிறாரா?" என்று சொல்லிக்கொண்டே, அலறும் பிள்ளையைத் தாயின் வயிற்றோடு வயிறு ஒட்டத் திருப்பி வைப்பார். "தொரே, வாய தொறங்க. பத்தாது. கொட்டாவி வுடுங்க. ஆங், இப்ப!" நுனியை மட்டும் கவ்வினால் அவருக்கு ஆகாது. தாயின் சின்ன விரலைப் பிள்ளையின் வாயோரம் நுழைத்து விடுவித்து, மறுபடியும் பிடிக்க வைப்பார். "காம்ப மட்டும் கடிச்சா ஒனக்குப் புண்ணு, தொரைக்குப் பட்டினி. கறுப்புல பாதி உள்ளுக்குப் போவணும். தாவாக்கட்ட மொதல்ல முட்டணும்."

இதையெல்லாம் காட்டுவதற்கு அவருடைய கைப்பையில் ஒரு சாமான் இருக்கிறது. பழைய காலுறைக்குள் இலவம்பஞ்சை அடைத்து, நுனியில் கறுப்புத் துணி வட்டம் தைத்த ஒரு மார்பு. ஒருநாள் பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது பெண் சிப்பாய் ஒருத்தி அதை வெளியே எடுத்து அமத்திப் பார்த்தாள். "மே மொக்கத?" இது என்ன என்று கேட்டவளின் கை துவக்கை இறுகப் பிடித்தது. மாக்ரெட் சிங்களத்தில் விளக்கினார். அவள் நம்பவில்லை. கடைசியில் நடுத்தெருவில் நின்று, தன் முழங்கையைப் பிள்ளையாக்கிக் காட்டவேண்டி வந்தது. சிப்பாய்ப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஊரில் தன் அக்காவுக்கு ஒரு பக்கம் பால் கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் காய்கிறது என்றாள். சூட்டுத் துணி ஒற்றுவது, கையால் கொஞ்சம் எடுத்துவிட்டு அந்தப் பக்கமே பிள்ளைக்குக் கொடுப்பது, காய்ச்சல் விடாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி என்று மாக்ரெட் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்குமட்டும், பஸ்ஸில் வந்தவர்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வெயிலில் நின்றார்கள்.

ஹுசைன் முதலாளிக்கு இந்த விவகாரத்தில் ஓயாத குறை. "மாக்ரெட், இது கோல் கடையா, பேபி கிளினிக்கா? போர்ட மாத்தி எழுதவா?"

"எழுதுங்க மொதலாளி. கூட்டம் இன்னும் வரும்."

"அந்தக் கடைசிக் கூண்டுல ஒரு நாக்காலி ஈக்குதே, அதுல இருந்த பொம்புள எந்திரிச்சத நான் கண்டதில்ல."

அந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டவர் முதலாளியேதான். முன்பு கிடந்தது கைப்பிடி வைத்தது. பிள்ளையின் தலை இடிக்கிறது என்று மாக்ரெட் முறையிட்டதும், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து கைப்பிடி இல்லாத ஒன்றைத் தூக்கி வந்தார். வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை அவர் வெளியிடவில்லை.

கௌரி அந்த நாற்காலிக்கு அழுதுகொண்டு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். டொரொண்டோவில் வேலை செய்யும் சிவானந்தன் கலியாணத்துக்காகக் கொழும்புக்கு வந்து, சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தான். ஸ்பொன்சர் சரிவரும்வரை கௌரியும் அவனுடைய தாய் சரோஜினிதேவியும் லொட்ஜில் ஓர் அறையில். அங்கே இருக்கும்போதுதான் பிள்ளை பிறந்தான். முதலில் நன்றாகத்தான் குடித்தான். இப்போது மார்பில் வைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டான். முலைக்காம்பு வெடித்திருந்தது. அறையில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். தேத்தண்ணிக் கடையில் பிளாஸ்கில் வாங்கிய சுடுதண்ணீரில், அது ஆறிய பிறகும், பால்மா கரைத்துக் கொடுத்தார்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்து வந்து போயிற்று. கன்னம் உள்ளே விழத் தொடங்கியிருந்தது.

"எனக்குப் பால் வத்திப்போச்சுது அக்கா."

"யாரு சொன்னா?"

"அவர்தான். போனில கேட்டவர். பிள்ளை இப்பிடிக் கத்துறான், பால் காணாது எண்டு."

டொரொண்டோவில் இருந்துகொண்டு வெள்ளவத்தையின் பாலை அளக்கிற மனிதரை மாக்ரெட் அதுவரை கண்டதில்லை. அடுத்த ஞாயிறு மாலை, சிவானந்தனின் கோல் வந்தபோது கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை கௌரியின் தோளில் சோர்ந்து தூங்கிவழிந்தது. மத்தியானத்திலிருந்து பால் கொடுக்கவில்லை. குடித்தால் தூங்கிவிடுவான், தகப்பனின் கோலுக்கு முழித்திருக்க வேண்டும் என்பது மாமியின் ஏற்பாடு. "இந்தா, உன்ர மோன் கதைக்கிறான்" என்று ரிசீவரைப் பிள்ளையின் வாயருகே பிடித்த சரோஜினிதேவி, மற்றக் கையால் அதன் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினார். பசியோடு இருந்த பிள்ளை கூண்டு அதிர வீரிட்டது.

"ஏனம்மா இந்தக் கத்துக் கத்துறான்?" ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது சிவானந்தனின் குரல். "பால் காணாதெண்டு சொன்னனானெல்லே! காசைப் பாக்காதேங்கோ. நல்ல மாப்பேணியாப் பாத்து வாங்கிக் குடுங்கோ."

கௌரி தலையைக் குனிந்துகொண்டாள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சுண்டு, ஓர் அழுகை, இன்னொரு பால்மாப் பேணி. பேணி வர வர மார்பில் வைக்கும் தடவை குறைந்தது. தடவை குறையக் குறையப் பாலும் குறைந்தது.

மாக்ரெட்டுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்த வாயைத் துவாயால் பொத்திக்கொண்டார். கோல் முடிந்து அவர்கள் வெளியே வந்ததும், "ஏம்மா புள்ள கால சுண்டுறீங்க?" என்று கேட்டார்.

சரோஜினிதேவி கூசவில்லை. "பின்னை? அவன் தன்ர பிள்ளையின்ர முகத்தை இன்னும் காணேல்ல. பனிக்குள்ள ரெண்டு வேலை செய்துபோட்டு வந்து போன் எடுக்கிறான். குரலையாவது கேக்கட்டும். இந்த வயசில பிள்ளை கதைக்குமே? அழத்தானே தெரியும்."

மாக்ரெட் மேசைக்குத் திரும்பினார். மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அந்தக் கிழமை முழுவதும், கோல்கள் குறைந்த பின்மதியங்களில் கௌரி கடைசிக் கூண்டில் இருந்தாள். சட்டை கழற்றிய பிள்ளையை அவள் நெஞ்சோடு வெறும் உடம்பாகப் போட்டு, மேலே தன் துவாயை மூடிவிடுவார் மாக்ரெட். "அழ வுட்டுட்டு வெக்காத. கோபத்துல இருக்கிற தொர சாப்புடுவாரா? கைய சப்பத் தொடங்கும்போதே வெச்சிரு." மாவை ஒரேயடியாக நிறுத்த அவர் விடவில்லை; பிள்ளையை நிறுத்துப் பார்க்கும் கிளினிக் மிஸ் சொல்கிற அளவைவிட ஒரு கரண்டியும் குறையக்கூடாது என்றார். போத்தலை மட்டும் எடுத்து ஒளித்துவிட்டு, சின்னக் கோப்பையால் பருக்கச் சொன்னார். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் தன் கடைக் கேத்தலிலிருந்து கொடுத்தார்.

"வராது அக்கா. சும்மா என்னைத் தேற்றுறியள்."

அப்போது வாங்கில் இருந்த யாரோ ஒருத்தியின் பிள்ளை சிணுங்கியது. கௌரி திடுக்கிட்டு மார்பைப் பொத்தினாள். சட்டையில் ஈரம் வட்டமாகப் பரவியது.

"பாத்தியா!" என்று கடை முழுக்கக் கேட்கக் கத்தினார் மாக்ரெட். "ஊரான் புள்ள அழுவுறதுக்கு இங்க வருது. வத்திப்போச்சாம் வத்தி!"

வாங்கில் இருந்த ஆண்கள் அவசரமாகப் பழைய பேப்பரைப் பிரித்தார்கள்.

மறு ஞாயிறு வந்தது. மத்தியானத்திலிருந்து கொடுக்காதே என்று மாமி லொட்ஜில் சொல்லிப் பார்த்தார். கௌரி முதல்முறையாகக் கேட்கவில்லை. கடைக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளை கையைச் சப்பத் தொடங்கியிருந்தது. "மணி அடிச்சா அடிக்கட்டும். நீ குடு" என்றார் மாக்ரெட். கௌரி நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை அணைத்துக்கொண்டாள். அது வாயை அகலத் திறந்து, தானாகவே பிடித்தது. அவள் முகம் சுளிக்கவில்லை.

மணி அடித்தது. மாக்ரெட் கோலைக் கடைசிக் கூண்டுக்குக் கொடுத்தார். சரோஜினிதேவி எடுத்தார்.

"ஓம் தம்பி, எல்லாரும் சுகம். ஓம், கிட்டத்தான் இருக்கிறான்."

"எங்கையம்மா? சத்தத்தைக் காணேல்ல. பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ? உண்மையைச் சொல்லுங்கோ."

சரோஜினிதேவியின் முகம் கலங்கியது. கை, பிள்ளையின் பாதத்தைத் தேடிப் போயிற்று. கௌரி கண்ணாடிக்கு வெளியே மாக்ரெட்டைப் பார்த்தாள்.

மேசையில் இன்னொரு மணி அடித்துக்கொண்டிருந்தது. "மாக்ரெட், கோல்! கோலு!" என்று ஹுசைன் முதலாளி சத்தம் போட்டார். வேலைக்கு வந்த நாளிலிருந்து அடிக்கும் மணியை விட்டு எழும்பாத மாக்ரெட் எழுந்து போய், ஒருவருக்கென்று கட்டிய கூண்டுக்குள் மூன்றாமவராகத் தானும் நுழைந்து கதவைச் சாத்தினார். "குடுங்கம்மா" என்று ரிசீவரை வாங்கினார். கூண்டின் மின்விசிறியை நிறுத்தினார். ரிசீவரின் வாய்ப்பக்கத்தைப் பிள்ளையின் தாடையோடு, தோலில் படாமல் பிடித்தார்.

சப். சப். க்கு. ஒரு மூச்சு. சப். சப். க்கு.

"என்ன சத்தம் அது?" என்றது ரிசீவர்.

கௌரி தலை நிமிராமல் சொன்னாள்: "குடிக்கிறான்."

ரிசீவர் கேட்டுக்கொண்டிருந்தது. சரோஜினிதேவியின் விரல்கள் பாதத்தின் மேலேயே இருந்தன, சுண்டவில்லை, பிடித்துக்கொண்டிருந்தன. மூன்று பெண்களின் நெற்றியிலும் வியர்வை வழிந்தது. பிள்ளை அவசரப்படாமல் விழுங்கிக்கொண்டிருந்தது.

மாக்ரெட்டின் தலை சற்று வலப்பக்கம் சாய்ந்தது. மற்றவர்களுக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறை அவர் குரல் கொடுக்கவில்லை. மற்றக் கையின் உள்ளங்கையால் ரிசீவரின் வாயை இறுக மூடினார். கண்ணாடி நடுங்கியது, ரயில் கூண்டையே தூக்கிக்கொண்டு போவதுபோல் கடந்தது, கடைசிப் பெட்டியும் தெஹிவளைப் பக்கம் போய் ஓய்ந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்து, காதைத் தாழ்த்திப் பிள்ளையைக் கேட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுத்தார்.