பிரபு என்றால் பண்ணாடி

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. சொல்லுக்குச் சொல் ‘ங்க’ சேர்ந்துகொள்ளும். டீச்சர் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார் என்றால் ஒன்பதாம் வகுப்பு கப்சிப்.

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஐரோப்பாவின் இடைக்காலம் என்றொரு பாடம். பிரபு, பண்ணையடிமை, மானியம், மடாலயம் என்று பக்கம் முழுக்கச் சொற்கள். பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள், ஒன்றும் மண்டையில் ஏறியிருக்காது. சரிதான் போ என்று போன வருஷம் ஒரு சார்ட் போட்டேன். இடப்பக்கம் புத்தகச் சொல், வலப்பக்கம் நம்மூர்ச் சொல். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுத்தார்களே, அதற்கு நேராகத் ‘தசமபாகம்’. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் கேட்கிற சொல்தான். குதிரை வீரனுக்கு நேராக ‘புல்லட்டுல வர்ற அண்ணன்’ என்று எழுதச் சொல்லி வகுப்பே கத்தியது. எழுதவில்லை, ஆனால் சிரித்துவிட்டேன். பண்ணையடிமைக்கு நேராகப் ‘பண்ணையத்து ஆள்’ என்று எழுதினேன். பிரபுவுக்கு நேராகப் ‘பண்ணாடி’.

வேறு எதை எழுதுவது? நிலத்துக்காரரை என் அப்பா ஆயுசு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார். அவர் வேலை பார்த்த தோட்டம் விலைபோனபோது மாடு, மோட்டாரோடு அப்பாவும் கைமாறினார். இனி இந்தப் பண்ணாடிக்கு வேலை செய் என்றார்கள், செய்தார். நிலத்தோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மனிதனைப் பற்றி எனக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தோட்டத்தை வாங்கிய குடும்பம்தான் பின்னால் இந்தப் பள்ளிக்கூடத்தையும் கட்டியது. அந்த வீட்டு மகன்தான் இன்றைய தாளாளர்.

ஒருநாள் வகுப்பைச் சுற்றிப் பார்க்க வந்த தாளாளர் சார்ட்டின் முன்னால் நின்றுவிட்டார். அப்புறம் அறைக்குக் கூப்பிட்டார்.

“டீச்சர், பண்ணாடிங்கறது மரியாதையான சொல்லுங்க. அதப் போயி அடிமை வெச்சிருந்தவனுக்கு நேரா எழுதியிருக்கறீங்க. அழிச்சுப்போடுங்க.”

“மரியாதையான சொல்லுன்னா செவுத்துல இருக்கறதுல என்னங்க சங்கடம்?”

அவர் முகம் சிவந்தது. “திங்கக்கெழமை அது அங்க இருந்துதுன்னா நீங்க வேற பள்ளிக்கூடம் பாத்துக்கலாமுங்க.”

“அழிக்க மாட்டேனுங்க” என்றேன்.

போனால் போகட்டும் போ என்றுதான் வீட்டுக்கு வந்தேன். ஆனால் அந்த மனிதர் அதோடு விடவில்லை. அப்பாவைத் திங்கட்கிழமை பள்ளிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். எனக்குத் தலைமுடி நரைக்கத் தொடங்கிவிட்டது, கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். என்னைத் தட்டிக்கேட்க என் அப்பாவைக் கூப்பிடுகிறாராம்! அடுப்படியில் பாத்திரங்களை எல்லாம் டமார் டமார் என்று வைத்தேன். அப்பா வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேலை போவதைப் பற்றிப் பயமே இல்லை. ‘அழிச்சுப்போடு கண்ணு’ என்று அப்பா சொல்லிவிட்டால் நான் அழித்துவிடுவேன். அவர் பேச்சை நான் தட்டியதில்லை.

திங்கட்கிழமை அப்பா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். தாளாளர் அறை வாசலில் கால் தானாகச் செருப்பை விட்டு வெளியே வந்தது.

“போட்டுக்குங்கப்பா” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

“ஏப்பா, உம்பொண்ணுக்கு நீயாவது புத்தி சொல்லு. நாஞ் சொன்னா டீச்சரு கேக்க மாட்டேங்கறாங்க” என்றார் தாளாளர். எனக்கு ‘ங்க’, அவரைவிட மூத்த என் அப்பாவுக்கு ‘நீ’. ஒரே மூச்சில் இரண்டும் அவருக்கு எப்படித்தான் வருகிறதோ. நான் வாயைத் திறக்கப்போனேன், அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது நாங்க கூப்புட்ட சொல்லுங்க” என்றார். “உங்க ஊட்டுல ஒருத்தரும் இன்னொருத்தரப் பண்ணாடின்னு கூப்புட்டதில்லீங்க. எங்க வாயில இருந்தத எங்க அம்மணி எழுதியிருக்குது. அழிக்கச் சொல்ல மாட்டேனுங்க சார்.”

அந்த மனிதரையோ அவருடைய அப்பாவையோ என் அப்பா ‘பண்ணாடி’ தவிர வேறு சொல்லால் கூப்பிட்டு நான் கேட்டதே கிடையாது. தாளாளரும் கேட்டதில்லை. சார்ட்டை அவர் அப்போதே மறந்துவிட்டார்.

“இப்ப என்னன்னு கூப்புட்ட?” என்றார்.

“சாருன்னுங்க” என்றார் அப்பா.

சார்ட் இன்னும் சுவரில் இருக்கிறது, நானும் இருக்கிறேன். அழிக்கச் சொல்லி அப்புறம் யாரும் வரவில்லை. வந்தால் ரொம்ப மரியாதையாகப் பேசுவேன்.