வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை

ஈரச் சிமெந்தின் வாசம். இந்தக் குளிர் நாட்டில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் பின்னால் புதுச் சுவர் எழுப்புகிறார்கள். சலவை அறையின் ஜன்னலைத் திறந்தால் அந்த வாசம் வந்து நெஞ்சில் ஏறிக்கொள்கிறது. உடனே நான் எங்கள் ஊர் சாய்ந்தமருதில் நிற்கிறேன். தோளில் துவாயோடு வாப்பா, எனக்கென்று கட்டிய சுவருக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்.

எங்கள் கரையில் பெண் பிள்ளைக்கு முதலில் வீடு, பிறகுதான் மாப்பிள்ளை. ஆண் தன் உம்மாவின் வீட்டிலிருந்து கிளம்பி மனைவியின் வாசலுக்கு வருவான். வாப்பா அப்படி வந்தவர். அண்ணன், எங்கள் நானா, அப்படிப் போனவர். நாற்பது வயதைத் தாண்டி, ஒரு விடுமுறையில் நான் கலியாணம் முடித்த மனிதரும் சம்மாந்துறையிலிருந்து ஒரேயொரு பையோடு அப்படித்தான் வந்தார். நெல் ஆலையில் இயந்திரம் பார்ப்பவர். குளித்த பிறகும் அவர் மேல் தவிட்டு வாசம் மிச்சமிருக்கும்.

நான் வேலைக்குத் திரும்பினேன். அவர் என் வீட்டில் என் உம்மாவோடு இருந்தார். அவரை இங்கே அழைத்துக்கொள்ள ஸ்பொன்சர் பண்ணினேன். நேர்முகத்தில் அவரிடம், சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தனக்கில்லை, மனைவிக்கு இருக்கிறது, அங்கேதான் இருக்கிறேன் என்றிருக்கிறார். எங்கள் ஊரில் இதைவிட மரியாதையான பதில் கிடையாது. அதிகாரிக்கோ அதில் தெரிந்தது வேறு: கூரையில்லாத ஓர் ஆண், வெளிநாட்டுச் சம்பளக்காரி ஒருத்தி. இது உண்மையான திருமணமென்று நம்ப முடியவில்லை என எழுதி, விசா இல்லை என்றுவிட்டார்கள்.

கோபத்தோடு ஊருக்கு விமானமேறினேன். கோபம் கடல்களைத் தாண்டியும் ஆறவில்லை.

கல்முனை பஸாரில் விசா வேலை பார்க்கும் ஒருவரிடம் நானா என்னைக் கூட்டிப்போனார். மறுபடி விண்ணப்பிக்க அந்த மனிதர் ஒரு வழி வைத்திருந்தார். கணவரின் விலாசத்தை அவருடைய உம்மா வீட்டுக்கு மாற்ற வேண்டும். நான் அங்கே மருமகளாய்ப் போய் வாழ்ந்தேன் என்று எழுத வேண்டும். மாமியின் குசினியில் நான் கறி கிண்டுவதுபோல் படங்களும் வேண்டும். சின்னப் பொய்தானே என்றார் நானா. பொய் பிடிபட்டால் கதவு பல வருடங்களுக்கு அடைபடும். உண்மையைச் சொல்லி அது மறுபடியும் விளங்காமல் போனால், மறுபடியும் இல்லை என்பார்கள். இரண்டுமே எனக்குத் தெரியும்.

நான் அந்த மனிதரைப் பார்த்தேன்.

"நீங்க இப்ப ஆர்ட ஊட்டுல இரிக்கிற?"

அவர் பேனாவை மூடினார். "பொஞ்சாதிட ஊட்டுலதான், ராத்தா."

"வயிறு வளக்கவா அங்க போன நீங்க?"

நானா சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்தார்.

"அப்ப அதையே எழுதுங்க" என்றேன்.

எழுதினோம். உம்மாவின் வீட்டுக்கு வாப்பா வந்ததை, மனைவியின் வீட்டுக்கு நானா போனதை, என் வீட்டுக்கு என் மனிதர் வந்ததை. என்னை இன்னொரு வீட்டின் மருமகளாகப் படம் பிடிக்க விடமாட்டேன். வாப்பா ஊற்றிய தண்ணீரை ஓர் அதிகாரியின் கண்ணுக்காக நான் துடைத்து எடுக்க மாட்டேன். விளங்காதது எங்கள் குற்றமில்லை; விளங்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன்.

தெருவுக்கும் வாய் இருந்தது. பொண்டாட்டியின் பாஸ்போட்டில் பறக்கப் போகிற மாப்பிள்ளை என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் இவரைச் சீண்டியிருக்கிறார். இவரோ, ஊட்டுக்கு வரக்குள்ளயும் அவட திறப்பாலதானே கதவத் துறந்தன் என்று சொல்லிவிட்டு, மிச்சத் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்தாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லும்போதுதான் சிரித்தார்.

பதில் இன்னும் வரவில்லை. சுவர் இங்கே உயர்ந்துகொண்டிருக்கிறது. நான் எடுத்திருக்கும் ஒற்றை அறையில் அவர் உடுத்தும் சாரத்தைத் தொங்கவிடச் சுவரில் ஒரு கொழுவி அடித்துவிட்டேன்.

ஊரிலிருந்து நான் திரும்பப் புறப்பட்ட அன்று, பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த நேரம், கொழும்பு வேன் வாசலில் நின்றது. என் பையை ஏற்றிவிட்டு, கேட்டைப் பிடித்தபடி அவர் நின்றார். என் வாசலில், என் மாப்பிள்ளை. அதுவரை யாரிடமும் கேட்காததை அவரிடம் கேட்டேன்.

"மறுகாவும் இல்லண்டு செல்லிட்டா?"

"செல்லட்டும். நீ போய் ஊட்டத் துறந்து வைய் புள்ள. மாப்பிள வருவான்."