உமி மூட்டைக்குக் கூலி

சீட்டு ஒட்டிய அன்று எங்கள் உறையூர் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, அப்பா, நான். இல்லாதது என் புத்தி. இன்று ஸ்ரீரங்கத்து ஆபீசில் நோட்டீஸ் ஒட்ட மைதாப் பசை காய்ச்சினார்கள். அந்த வாசனையில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

அப்பா காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கியவர். முதலில் பீடி வைத்த இடத்தை மறந்தார். பிறகு தெருவை மறந்தார். குடும்பத்திலேயே முதல் எஸ்.எஸ்.எல்.சி. நான், விடுவேனா? 'கதவு', 'பானை', 'கொல்லை' என்று சீட்டுகளில் கொட்டை எழுத்தில் எழுதி, மைதாப் பசை தடவி வீடு முழுக்க ஒட்டினேன். தள்ளி நின்று என் கையெழுத்தை நானே ரசித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்.

"எல்லாம் சரி தம்பி. உங்கப்பாவுக்கு யாரு படிக்கச் சொல்லிக் குடுத்தா?"

அதோடு நின்றேனா? விடிந்ததும் அப்பா தலையில் துண்டைக் கட்டி மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். நான் வழிமறித்து உண்மை பேசுவேன்.

"வேலைய விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுப்பா."

"நிறுத்திட்டாங்களா? நான் என்ன தப்பு பண்ணேன்?" அவர் முகம் சுருங்கிவிடும்.

மறுநாள் அவர் மறந்திருப்பார். நான் மறுபடி சொல்வேன். பொய் சொல்லக்கூடாது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தேன்! ஒரு வாரம் பொறுத்தாள் அம்மா.

"தெனம் அந்த மனுசனுக்கு வேல போவணுமா? ஒன் உண்மைய நீயே வச்சுக்க."

மறுநாள் கொல்லையில் ஓர் உமி மூட்டை இருந்தது. அப்பா அதை வாசலுக்குத் தூக்கி வந்தார். அவர் டீ குடிக்கும்போது அம்மா அதை மறுபடி கொல்லைக்கு இழுத்துப் போனாள். சாயங்காலம் கூலி தர ஆள் வேண்டுமே? ஆபீஸ் விட்டு வந்து சட்டைப்பையில் பேனாவோடு நின்ற என்னைக் கடைக் கணக்குப்பிள்ளை என்று அப்பாவே முடிவு செய்துவிட்டார். நான் மகன் என்பது அதற்குள் அவர் நினைவை விட்டுப் போயிருந்தது. 'நான் உங்க பையன்' என்று வாய்வரை வந்ததை, அம்மா பார்த்த பார்வையில் விழுங்கினேன். அவள் தந்த ஒரு ரூபாயை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினார்.

"எம் மவனும் படிக்கிறானுங்கய்யா. உங்கள மாதிரி வந்துருவான்."

"கண்டிப்பா வருவான்" என்றேன். என் குமாஸ்தா சம்பளத்துக்கு அது அதிகப் புகழ்ச்சிதான்.

அப்பா ரூபாயை அம்மாவிடம் கொடுப்பார். மறுநாள் அது என் பைக்கு வரும். விளிம்பில் வெட்டுப்பட்ட அதே ரூபாய். நடக்க முடியாமல் போனபின் வெறும் சாக்கை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அப்போதும் கூலி நிற்கவில்லை.

சீட்டுகளைக் கரப்பான் தின்றுவிட்டது. சாக்கும் இப்போது இல்லை. அப்பா போன அன்று, நெற்றியில் வைக்கக் காசு கேட்டார்கள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த ரூபாயை எடுத்து அழுத்தி வைத்தாள்.

மூன்று வருஷ வேலைக்கு நாங்கள் கொடுத்த கூலி, மொத்தம் ஒரு ரூபாய்.